நின்ற ரயில் நல்ல ரயில்

வேளாங்கண்ணி ஸ்டேஷனுக்கு வெளியே உள்ள டீக்கடையில்தான் என் காலைப் பொழுது கழிகிறது. ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவன் என்று கடைக்காரர் யாரிடமாவது சொல்லிவிடுவார். மழைக்காலமாக இருந்தால் அடுத்து வரும் கேள்வி எனக்கு மனப்பாடம்: "ஐயா, புயல் காத்துல ரயில் கவுந்துடுமா?"

கவிழாது. ஒரு பெட்டி காலியாக நின்றாலே நாற்பது டன் வாக்கில் எடை இருக்கும். இந்தக் கரையில் அடிக்கும் காற்று அதைச் சமதரையில் புரட்டிப் போடுவது மிக அபூர்வம். நான் வேலை பார்த்த காலத்தில் எனக்குக் காற்றைப் பற்றிய பயம் இருந்ததில்லை, தண்ணீரைப் பற்றித்தான் இருந்தது. அதிலும் மேலே இருந்து கொட்டுகிற தண்ணீரை விட, கீழே போக வழியில்லாமல் நிற்கிற தண்ணீர்.

இது புரிய வேண்டுமானால் டெல்டாவின் தரையைப் பார்க்க வேண்டும். காவிரியின் கிளைகள் எல்லாம் மேற்கிலிருந்து கிழக்காக ஓடிக் கடலில் விழுகின்றன. தஞ்சாவூரிலிருந்து நீடாமங்கலம், கொரடாச்சேரி, திருவாரூர், கீழ்வேளூர், சிக்கல் வழியாக நாகப்பட்டினம் வரும் ரயில் பாதையும் பெரும்பாலும் அதே திசையில், தண்ணீரோடு சேர்ந்தே போகிறது. 1861-ல் கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே போட்ட பாதை அது. முதலில் அகலப் பாதை, 1875 வாக்கில் மீட்டர் கேஜ், நம் காலத்தில் மறுபடி அகலப் பாதை. கேஜ் எத்தனை முறை மாறினாலும் போகும் திசை மாறவில்லை. வெள்ளைக்காரன் துறைமுகத்தை மனசில் வைத்துத்தான் போட்டான். ஆனாலும் ஆற்றின் போக்கை அனுசரித்தே பாதை அமைந்துவிட்டது.

கடலோரமாக வடக்கு தெற்காகப் போகும் பாதைகளின் கதை வேறு. நாகப்பட்டினத்திலிருந்து வேளாங்கண்ணிக்கு வருவது பத்து கிலோமீட்டர் பாதை, 2010 இறுதியில் திறந்தது. அதற்கு முன்பு யாத்ரிகர்கள் நாகப்பட்டினத்தில் இறங்கிப் பஸ் பிடிப்பார்கள். இந்தச் சின்னப் பாதையே கடுவையாற்றைத் தாண்டித்தான் வர வேண்டும். திருவாரூரிலிருந்து திருத்துறைப்பூண்டி, பட்டுக்கோட்டை வழியாகக் காரைக்குடி போகும் பாதை பாண்டவையாறு, வெள்ளையாறு, அரிச்சந்திரா நதி, முள்ளியாறு, கோரையாறு, பாமணியாறு என்று ஒவ்வொன்றாகக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. எர்ணாகுளத்திலிருந்து வேளாங்கண்ணிக்கு வரும் வண்டி இந்த வழியாகத்தான் வருகிறது. ஆற்றுப் பாலங்கள் போக, வாய்க்கால்களுக்கும் வடிகால்களுக்கும் போட்ட சிறு பாலங்கள் எத்தனையோ. ரயில் பாதைக்காக மண்ணைக் கொட்டி உயர்த்திய கரை, மழைக்காலத்தில் அணை போல ஆகிவிடுகிறது. மேற்கே வயலில் நிற்கும் அவ்வளவு தண்ணீரும் அந்தப் பாலங்களின் கண்கள் வழியாகத்தான் கிழக்கே போய்ச் சேர வேண்டும்.

போய்ச் சேர்ந்தாலும் கடல் வாங்க வேண்டுமே! காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் கரையை நெருங்கும்போது காற்று கடலை நிலத்தின் பக்கம் தள்ளுகிறது. முகத்துவாரத்தில் கடல் மட்டம் ஏறி நிற்கிறது. ஓதம் ஏறும் நேரமும் சேர்ந்துகொண்டால் ஆறு வந்த வழியே பின்வாங்கும். கடைமடை விவசாயியிடம் கேட்டால் ஒரே வரியில் சொல்லிவிடுவார்: "கடல் தண்ணி எடுக்கலைங்க." மழை விட்டு வெயிலடித்த பிறகும் இரண்டு நாள் சம்பாப் பயிர் மூழ்கிக் கிடப்பதும், வானம் தெளிந்த பிறகும் ரயில் வராமல் இருப்பதும் ஒரே காரணத்தால்தான். "மழைதான் விட்டுடுச்சே, இன்னும் ஏன் வண்டி விடல?" என்று கவுன்டரில் சண்டை போடுகிறவர்கள் ஸ்டேஷனுக்குப் பின்னால் உள்ள வயலை ஒரு தடவை எட்டிப் பார்த்தால் போதும்.

தண்ணீர் ரயில் பாதையை என்ன செய்கிறது? தண்டவாளத்துக்குக் கீழே ஸ்லீப்பர் கட்டை, அதற்குக் கீழே கருங்கல் ஜல்லி, அதற்குக் கீழே மண் கரை. ஜல்லியின் வேலை பாரத்தைப் பரப்புவது, விழும் தண்ணீரை உடனே வடிய விடுவது. தண்ணீர் ஜல்லி மட்டம் வரை ஏறி, கரையின் ஒரு பக்கம் உயர்ந்தும் மறுபக்கம் தாழ்ந்தும் நின்றால் உள்ளே ஊடுருவ ஆரம்பிக்கும். முதலில் மண் கரையும், அப்புறம் ஜல்லி சரியும். மேலிருந்து பார்த்தால் தண்டவாளம் நேராகத்தான் தெரியும். கீழே ஒன்றும் இருக்காது, இரும்பு தொட்டில் மாதிரி அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். இங்கிலாந்தில் டாலிஷ் என்ற கடலோர ஊரில் 2014 பிப்ரவரியில் குளிர்காலப் புயல் அலை கடல் சுவரை உடைத்தபோது தண்டவாளம் அப்படித் தொங்கிய படம் உலகம் முழுக்கப் பரவியது. அந்த வழியில் மறுபடி ரயில் ஓட இரண்டு மாதம் ஆயிற்று. அங்கே அலை செய்ததை நம் ஊரில் வாய்க்கால் தண்ணீரே சத்தமில்லாமல் செய்துவிடும்.

ஆகையால் இதற்கென்று விதிகள் இருக்கின்றன. தண்ணீர் ஜல்லிக்கு மேல் வந்துவிட்டால் பாதையை நடந்து பார்க்காமல் வண்டியை விடக் கூடாது. தண்டவாளத்துக்கு மேலேயே வந்துவிட்டால், ஸ்லீப்பரின் இரண்டு முனைகளிலும் ஆளுக்கொருவராக இருவர் தண்ணீரில் கால் வைத்துத் தடவிப் பார்த்தபடி முன்னால் நடக்க வேண்டும், வண்டி அவர்கள் பின்னால் நடை வேகத்தில் வர வேண்டும். அதற்கும் எல்லை உண்டு. எஞ்சினின் மோட்டார்கள் சக்கரங்களுக்கு இடையே தாழத் தொங்குகின்றன. சுமார் நாலு அங்குலத்துக்கு மேல் தண்ணீர் ஏறினால் அவை தாங்காது. பம்பாயில் மழைக்கு மின்சார ரயில் நின்றது என்று செய்தி வருவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இந்த விதிகளெல்லாம் ராத்திரி இரண்டு மணிக்குக் கொட்டுகிற மழையில் யாரோ ஒருவர் அங்கே இருந்தால்தான் பயன்படும். அந்த ஒருவர்தான் பேட்ரோல்மேன். மழைக்கால ரோந்து என்பது ரயில்வேயில் யாரும் பாராட்டாத வேலை. பகலில் கேங்மேன், கீமேன் என்று ஸ்பானரும் சுத்தியலுமாக நடக்கிறவர்களில் சிலரை ஐப்பசி பிறந்ததும் ராத்திரி ரோந்துக்குப் போடுவார்கள். கையில் விளக்கு, விசில், சிவப்புக் கொடி, தகர டப்பியில் டெட்டனேட்டர். இரண்டு எல்லைகளிலிருந்து இருவர் நடந்து வந்து, நடுவில் சந்தித்து, நோட்டை மாற்றிக்கொண்டு திரும்புவார்கள். நோட்டு மாறியிருந்தால்தான் இருவரும் நடந்ததற்குச் சாட்சி. உட்கார்ந்த இடத்தில் கையெழுத்துப் போட முடியாதபடி யாரோ விவரமானவர் செய்த ஏற்பாடு. முக்கியமான பாலங்களில் அசையாமல் காவலுக்கு ஒருவர் இருப்பார். பாலத்தின் தூணில் அபாய மட்டம் வர்ணத்தில் குறித்திருக்கும், தண்ணீர் அதைத் தொட்டால் சொல்ல வேண்டியது அவர் பொறுப்பு.

டெட்டனேட்டர் என்றதும் வெடிகுண்டு என்று நினைக்க வேண்டாம். தண்டவாளத்தின் மேல் கட்டி வைக்கும் தட்டையான பட்டாசு அது. எஞ்சின் சக்கரம் ஏறியதும் படாரென்று வெடிக்கும். மழையில் விளக்கு தெரியாமல் போகலாம், சத்தம் டிரைவர் காதில் விழாமல் போகாது. ஆபத்து உள்ள இடத்திலிருந்து அகலப் பாதையில் 600 மீட்டர் தள்ளி ஒன்று, 1200 மீட்டர் தள்ளிப் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று. வண்டி வழியில் நின்றுபோனால் பின்னால் வரும் வண்டியை நிறுத்த இதே பட்டாசோடு பின்னோக்கி நடப்பது கார்டின் வேலை. காலுக்குக் கீழே தவளையும் சாரையும் ஓட, குடை பிடிக்கக் கை இல்லாமல் நடந்தவன் என்பதால் சொல்கிறேன், 1200 மீட்டர் என்பது காகிதத்தில் சின்ன தூரம்.

மீட்டர் கேஜ் காலத்தில் ஒரு கார்த்திகை இரவு, சின்ன ஸ்டேஷன் ஒன்றில் எங்கள் பாசஞ்சர் வண்டியைப் பிடித்து வைத்திருந்தார்கள். பயணிகள் இறங்கி வந்து ஸ்டேஷன் மாஸ்டரைச் சுற்றிக்கொண்டார்கள். பேட்ரோல்மேன் முழங்கால் வரை சேறோடு வந்து நின்றார். "கரை உள்ள வாங்குது சார். கம்பியை விட்டுக் குத்திப் பார்த்தேன், பொதக்குன்னு போவுது. வண்டி வேணாம்" என்றார். கூட்டத்தில் ஒருவர், "நாளைக்குக் காலையில எம் பொண்ணுக்கு நிச்சயதார்த்தம்ணே, மெதுவா விட்டா என்ன?" என்று கெஞ்சினார். "பொண்ணுக்கு அப்பா வேணுமா இல்லியா தம்பி?" என்றார் அவர். விடியும் வரை யாரும் வாயைத் திறக்கவில்லை.

காற்றை அறவே தள்ளிவிடவும் முடியாது. காற்றின் வேலை பெட்டியைக் கவிழ்ப்பது இல்லை, பாதையை அடைப்பது. 2018 நவம்பர் 16 விடியுமுன் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை ஏறியது. மணிக்கு 100 முதல் 110 கிலோமீட்டர் வேகம், இடையிடையே 120. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் விழுந்தன. இந்தப் பகுதி ரயில்களை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். எச்சரிக்கை முன்பே வந்திருந்தது, அதை மதித்தார்கள். அந்த இரவில் ஏதாவது வண்டி ஓடியிருந்தால் விழுந்த மரத்தில்தான் போய் முட்டியிருக்கும். இப்போது பாதைகள் மின்மயமாகிவிட்டதால் புதிதாக ஒரு தொல்லையும் சேர்ந்திருக்கிறது. மேலே ஓடும் மின்கம்பியில் ஒரு கிளை விழுந்தால் போதும், தண்டவாளம் நன்றாக இருந்தாலும் வண்டி நகராது. டீசல் எஞ்சினைக் கொண்டுவந்து இழுக்க வேண்டும்.

காற்றே எஜமானாக இருக்கும் இடம் ஒன்று உண்டு, அது பாம்பன். கடலுக்கு நடுவே, மறைப்பே இல்லாத பாலம். 1914-ல் திறந்த பழைய பாலத்தில் காற்று வேகம் மணிக்கு 55 கிலோமீட்டர் வாக்கில் தாண்டினால் வண்டிக்கு அனுமதி கிடையாது என்று விதி இருந்தது. வேகமானி காட்டும், சிக்னல் சிவப்பாகும், வண்டி மண்டபத்திலோ பாம்பனிலோ காத்திருக்கும். 2025 ஏப்ரல் 6-ல் திறந்த புதிய பாலத்திலும் காற்றை அளந்து வண்டியை நிறுத்தும் ஏற்பாடு இருக்கிறது. ஸ்காட்லாந்தில் டே ஆற்று முகத்துவாரத்துப் பாலம் 1879 டிசம்பர் 28 இரவு புயலில் இடிந்து, மேலே ஓடிக்கொண்டிருந்த ரயிலோடு விழுந்தது. பாலம் கட்டுகிறவர்கள் காற்றின் அழுத்தத்தைக் கணக்கில் எடுக்கக் கற்றுக்கொண்டது அதற்குப் பிறகுதான்.

பாம்பனைச் சொன்னால் தனுஷ்கோடியைச் சொல்லாமல் இருக்க முடியாது. "கார்த்திகைக்குப் பின் மழையில்லை, கர்ணனுக்குப் பின் கொடையில்லை" என்பார்கள் நம் பெரியவர்கள். கர்ணனைப் பற்றி எனக்கு ஆட்சேபணை இல்லை. 1964-ல் மார்கழி பிறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டி, பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்கு 653-ஆம் எண் பாசஞ்சர் கிளம்பியது. 110 பயணிகள், 5 ஊழியர்கள். தனுஷ்கோடிக்குச் சிறிது தூரம் இருக்கையில் சிக்னல் இல்லை. விளக்கு அணைந்துவிட்டது, தந்தியும் அறுந்துவிட்டது. டிரைவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நீண்ட விசில் கொடுத்து வண்டியை நகர்த்தினார் என்று சொல்கிறார்கள். கடல் எழுந்து வந்து வண்டியை மூடியது. ஒருவரும் பிழைக்கவில்லை.

அந்த டிரைவரைக் குறை சொல்கிறவர்களோடு நான் சேர மாட்டேன். இருட்டில், மழையில், பக்கத்தில் ஸ்டேஷன் இருக்கும்போது, பின்னால் நூறு பேரை வைத்துக்கொண்டு நிற்பவருக்கு நிற்பது பாதுகாப்பா போவது பாதுகாப்பா என்று எப்படித் தெரியும்? அவருக்குச் செய்தி இல்லை, அவ்வளவுதான். அதே புயலில் பாம்பன் பாலத்தின் 126 இரும்பு உத்தரங்கள் கடலில் விழுந்தன. கப்பலுக்குத் திறக்கும் நடுப்பகுதி மட்டும் அப்படியே நின்றது. ஆறு மாதத்தில் சரிசெய்யச் சொன்னார்கள். பிற்காலத்தில் கொங்கண் ரயில்வேயையும் டெல்லி மெட்ரோவையும் கட்டிய ஈ. ஸ்ரீதரன், அப்போது இளம் எஞ்சினியர். விழுந்த உத்தரங்களைக் கடலிலிருந்தே தூக்கி எடுத்துப் பொருத்தி 46 நாளில் முடித்தார். தனுஷ்கோடிக்கு ஓடிய தண்டவாளத்தை மட்டும் திரும்பப் போடவில்லை.

அதற்கு எட்டு வருஷம் முன்னால், 1956 நவம்பர் 23 விடியுமுன், அரியலூருக்குப் பக்கத்தில் மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் விழுந்தது. மழையில் ஆறு பெருகிப் பாலத்தைப் பலவீனப்படுத்தியிருந்தது. 150 பேர் வாக்கில் இறந்தார்கள். ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா செய்தார். அந்த ராஜினாமாவைப் பற்றி இன்றும் மேடையில் பேசுகிறார்கள். பாலத்தைத் தாண்டுவதற்கு முன் வண்டியை நிறுத்தச் சொல்ல அங்கே ஆள் இருந்தாரா என்ற கேள்வி யார் வாயிலும் வருவதில்லை.

இலங்கையில் 2004 டிசம்பர் 26 காலை பெரலியவில் நடந்தது புயல் இல்லை, ஆழிப்பேரலை. ஆனாலும் கடலோர ரயில் என்று பேசும்போது அதை விட முடியவில்லை. கொழும்பிலிருந்து தெற்கே போன வண்டியை நிறுத்த அதிகாரிகள் முயன்றார்கள், செய்தி வண்டியை எட்டவில்லை. 1,700 பேருக்கு மேல் இறந்தார்கள். உலக ரயில் வரலாற்றிலேயே மிகப் பெரிய உயிரிழப்பு அது. அதே காலையில்தான் எங்கள் வேளாங்கண்ணிக் கடற்கரையிலும் யாத்ரிகர்கள் நூற்றுக்கணக்கில் போனார்கள்.

இனி வண்டி நின்ற கதைகள். 2023 டிசம்பர் 17, அதுவும் மார்கழிதான், முதல் தேதி. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் வாக்கில் மழை. திருச்செந்தூரிலிருந்து சென்னை புறப்பட்ட எக்ஸ்பிரஸை ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்திவிட்டார்கள். உள்ளே ஏறத்தாழ 800 பேர். சுற்றிலும் தாமிரபரணி வெள்ளம். ஒரு பகுதியினரைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள், மற்றவர்கள் வண்டியிலேயே இருந்தார்கள். இரண்டு நாள் அவதி, ஹெலிகாப்டரில் சாப்பாடு, கடைசியில் வாஞ்சி மணியாச்சியிலிருந்து சிறப்பு ரயில். ஸ்ரீவைகுண்டத்துக்கு அப்பால் ஜல்லியும் மண்ணும் அடித்துக்கொண்டு போய்த் தண்டவாளம் தொங்கிக்கொண்டிருந்தது. வண்டி போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று விவரிக்கத் தேவையில்லை. 2024 டிசம்பர் 2-ல், ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு, விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே ஒரு பாலத்தில் தண்ணீர் அபாய மட்டத்தைத் தாண்டியதும் சென்னையிலிருந்து தெற்கே வரும் வண்டிகளை ரத்து செய்தார்கள், திருப்பி விட்டார்கள். டெல்டாக்காரர்கள் பலர் எழும்பூரிலும் தாம்பரத்திலும் மூட்டை முடிச்சோடு உட்கார்ந்திருந்தார்கள். திட்டித் தீர்த்தார்கள். உயிரோடு இருந்து திட்டினார்கள்.

அதற்காக ரயில்வேயைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடச் சொல்லவில்லை. வண்டியை நிறுத்துவதில் கெட்டிக்காரர்களாகிவிட்டோம். நிறுத்தியதை ஜனங்களுக்குச் சொல்வதில் இன்னும் கற்றுக்குட்டிகள்தான். சின்ன ஸ்டேஷனில் வண்டி மூன்று மணி நேரம் நிற்கும். ஒலிபெருக்கி வாய் திறக்காது, திறந்தால் "அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்" என்று பதிவு செய்த குரல் வரும். பாலத்தில் தண்ணீர் ஏறியிருக்கிறது, ஆள் போய்ப் பார்க்கிறார்கள், விடிந்த பிறகுதான் வண்டி என்று தமிழில் மூன்று வாக்கியம் சொன்னால் குழந்தைக்குப் பால் வாங்குகிறவர் வாங்கிக்கொள்வார், சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறவர் போய்விடுவார். செய்தி இல்லாமல் இருட்டில் உட்கார வைப்பதுதான் ஜனங்களைக் கோபப்படுத்துகிறது. ஆள் பற்றாக்குறை என்பார்கள், உண்மைதான். திருவாரூர் - காரைக்குடி அகலப் பாதையில் ஓட்டம் தொடங்கியபோது கேட் கீப்பர்கள் போதாமல், வண்டியிலேயே ஆளை ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு கேட்டிலும் நிறுத்தி, இறங்கி கேட்டை மூடி, தாண்டியதும் திறந்து, மறுபடி ஏறிப் போனார்கள். கேட்டுக்கே ஆள் இல்லாத பாதையில் ராத்திரி ரோந்துக்கு ஆள் குறைந்தால் என்ன ஆகும்? பேட்ரோல்மேன் இடங்களைக் காலியாக வைத்து மிச்சம் பிடிக்கிற காசு, மிச்சமே இல்லை.

வேளாங்கண்ணிக்கே புயலோடு ஒரு பழைய பந்தம் உண்டு. நடுக்கடலில் புயலில் சிக்கிய போர்த்துக்கீசிய மாலுமிகள் மாதாவிடம் வேண்டிக்கொண்டு இந்தக் கரையில் ஒதுங்கினார்கள், நன்றிக்குக் கோயில் எழுப்பினார்கள் என்பது இங்கே தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படுவது. எந்த மதத்துக்காரரும் வந்து மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுப் போகிறார்கள். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை நடக்கும் திருவிழாவுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை, அது வெயில் காலம். கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் வருகிறவர்களுக்குத்தான் சொல்கிறேன்.

ஐப்பசி பாதியிலிருந்து மார்கழி பாதி வரை வருவதாக இருந்தால், முடிந்தவரை பகலில் இந்தப் பகுதிக்குள் நுழையும் வண்டியாகப் பாருங்கள். பாதையில் ஏதாவது ஆனால் பகலில் சீக்கிரம் தெரியும், சீக்கிரம் சரியாகும். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இரண்டு நாளைக்குக் கூடுதலாக எடுத்து வையுங்கள், ஸ்ரீவைகுண்டத்தில் சர்க்கரை நோயாளிகள் பட்ட பாடு போதும். குடிதண்ணீர், பிஸ்கட், டார்ச், முழுசாக சார்ஜ் ஏற்றிய போன். கிளம்புவதற்கு முன் 139-க்குப் போன் செய்து உங்கள் வண்டி ஓடுகிறதா என்று கேளுங்கள். ரத்து என்றால் டிக்கெட் பணம் முழுசாகத் திரும்பி வரும். வண்டி வழியில் நின்றுவிட்டால் இறங்கித் தண்டவாளத்தில் நடக்காதீர்கள், கீழே மண் இருக்கிறதா என்று மேலிருந்து தெரியாது. ரயில் போகவில்லையே என்று அதே ராத்திரியில் வாடகைக் கார் பிடித்துக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கிளம்பவும் வேண்டாம். ரயில் பாதையையே தாண்டிய தண்ணீர் அந்தச் சாலையையும்தான் தாண்டியிருக்கும், ஆனால் அங்கே விளக்குப் பிடித்து நிறுத்த ஆள் கிடையாது.